பிள்ளைகளைக் கவிதை எழுதச் செய்வோம்



நான் புலவன் அல்லன். பொறியியலில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், காலம் கழித்தவன். ஓய்வு பெற்றபின் பெங்களூரில் எங்கள் குடியிருப்பின் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பள்ளி ஆசிரியை ஒருவரும், நூல்களைக் கவனித்துக் கொள்ளும் அம்மையார் ஒருவரும் துணை. அங்கே நான் செய்த ஒரு பிழையையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் சொல்லவே இக்கட்டுரை.

ஒருநாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"எங்க பாட்டி சமையல்கட்டுல
ரயில் மாதிரி ஓடுறாங்க.
விசில் மட்டும் குக்கர் அடிக்குது."

படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. அகலப் பாதை என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சரி செய்ய வேண்டும். அப்படிப் பழகிய கை சிவப்புப் பேனாவை எடுத்தது. 'குக்கர்' தமிழ்ச் சொல் அன்று, 'ஓடுறாங்க' பேச்சு வழக்கு, எதுகை எங்கே, மோனை எங்கே என்று நான்கு இடங்களில் கோடு போட்டேன்.

"அப்போ இது கவிதை இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லைம்மா" என்றேன். அடுத்த நான்கு வாரங்கள் வகுப்புக்கு வந்தாள், எழுதவே இல்லை. "அவள் வீட்டில் தமிழ் பேசுவதோடு சரி. எழுதிப் பார்க்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான் சார்" என்று ஆசிரியை சொன்னபோதுதான் உறைத்தது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், தொலைக்காட்சியில் எல்லாம் கலந்த மொழி. இவற்றுக்கு நடுவே தானாக மூன்று வரி எழுத வந்த பிள்ளையை நான் நிறுத்திவிட்டேன்.

இலக்கணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதலில் பிள்ளை சொல்லட்டும், பிறகு இலக்கணம் காது வழியாகச் சேரட்டும் என்பதே நான் கற்றது. அதன்பின் நாங்கள் மூவரும் கலந்து பேசி, செய்து பார்த்துப் பயன் கண்ட முறைகளை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் காதுக்கு விருந்து

வகுப்பின் முதல் பத்து நிமிடம் ஒரு பாட்டை உரக்கப் படியுங்கள். பொருள் கேட்காதீர்கள், கருத்து எழுதச் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பிள்ளைகள் கை தட்டட்டும். பாரதியார், கவிமணி, அழ. வள்ளியப்பா ஆகியோரின் குழந்தைப் பாடல்களே இதற்குப் போதும். வள்ளியப்பா (1922-1989) இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர். ஆகவே, "நாங்கள் தமிழ் படித்தவர்கள் இல்லையே" என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. அலுவலகம் போய் வருகிறவர்களும் இந்தப் பணியைச் செய்யலாம்.

2. கையில் ஒரு பொருள்

"மழையைப் பற்றிக் கவிதை எழுது" என்றால் பிள்ளை விழிக்கும். ஒரு புளியம்பழத்தையோ பழைய ரயில் டிக்கெட்டையோ கையில் கொடுங்கள். எப்படி இருக்கிறது, என்ன வாசனை, தட்டினால் என்ன சத்தம், எதை நினைவூட்டுகிறது என்று கேட்டு, வரும் சொற்களைப் பலகையில் எழுதுங்கள்.

சத்தம் என்றதும் நம் மொழியில் ஒரு புதையல் இருக்கிறது. சலசல, தடதட, மடமட, நெறுநெறு போன்றவை இரட்டைக்கிளவிகள். 'சலசல' என்பதைப் பிரித்து 'சல' என்றால் பொருள் தராது. 'வா வா' என்ற அடுக்குத்தொடரைப் பிரித்தால் 'வா' என்பது பொருள் தரும். இந்த வேறுபாட்டை விளையாட்டாகவே கற்பித்துவிடலாம். மெட்ரோ வண்டிக்கும் பழைய பாசஞ்சர் வண்டிக்கும் எந்த இரட்டைக்கிளவி பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் வகுப்பு கலகலக்கும்.

3. ஒரே தொடக்கம்

கென்னத் காக் என்ற அமெரிக்கக் கவிஞர் 1968-இல் நியூயார்க் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குக் கவிதை கற்பிக்கத் தொடங்கினார். அந்த அனுபவத்தை 'ஆசைகள், பொய்கள், கனவுகள்' என்று பொருள்படும் பெயருடைய நூலாக 1970-இல் வெளியிட்டார். ஒவ்வொரு வரியையும் "எனக்கு ஆசை" என்று தொடங்கச் சொல்வது அவர் முறைகளுள் ஒன்று, "முன்பு நான்... இப்போது நான்..." என்பது மற்றொன்று. வரி முடிவில் ஓசை ஒத்து வர வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. ஓசையைத் தேடி ஓடும் பிள்ளை, சொல்ல வந்ததை விட்டுவிடும் அல்லவா?

இந்த முறையில் எங்கள் வகுப்பில் கிடைத்த வரிகள் இவை:

"எனக்கு ஒரு ஆசை: அல்சூர் ஏரி ஒரே ஒரு நாள் எங்க மொட்டை மாடிக்கு வரணும்."

"முன்பு நான் அப்பா தோளில் இருந்து ரயிலைப் பார்த்தேன். இப்போது நான் ரயிலில் இருந்து அப்பாவைப் பார்க்கிறேன்."

இரண்டாவதை எழுதியது விடுதியில் தங்கிப் படிக்கும் பையன். அன்று அவன் தந்தையும் வகுப்பில் இருந்தார். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

4. எழுதத் தெரியாவிட்டால் சொல்லட்டும்

நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. பிறகு அதையே அவர்கள் பார்த்து எழுதட்டும். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் எழுத்துகளும் விரைவில் மனத்தில் நிற்கின்றன.

5. பிறமொழிச் சொல் வந்தால்

முதல் படியில் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம், "இதற்குப் பாட்டி என்ன சொல்வார்கள் என்று கேட்டு வா" என்று அனுப்புங்கள். நல்ல சொல் கிடைத்தால் பிள்ளையே மாற்றிக் கொள்ளும்.

கன்னடச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதே இல்லை. நம் பால் அங்கே ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் 'ப' என்று இருந்த ஒலிதான் பிற்காலத்தில் 'ஹ' ஆயிற்று. இதைச் சொன்ன அன்று ஒரு சிறுவன் எழுதியது:

"அம்மா ஊத்தினா பால்,
பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஊத்தினா ஹாலு,
பூனை ரெண்டையும் குடிக்குது."

இரண்டு மொழியும் உறவு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் ஆகாது.

6. இலக்கணம் எப்போது?

நாலைந்து கவிதை எழுதிய பிறகு பிள்ளைக்கே கேள்வி வரும். ஆங்கிலப் பாட்டில் ஓசை வரியின் கடைசியில் ஒத்து வருவதைப் பார்த்திருப்பார்கள். தமிழிலும் அது உண்டு. இயைபு என்று பெயர். ஆனால் தமிழ் பெரிதும் விரும்புவது வரியின் தொடக்கத்து ஒற்றுமையை. முதல் எழுத்து ஒத்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. பட்டு, சிட்டு, தட்டு என்பவை எதுகை. பட்டு, பாட்டு என்பவை எதுகை ஆகா. எதுகையில் முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று குறில், மற்றது நெடில் என்றால் பொருந்தாது.

சீர் கற்பிக்க நான் ரயில் நிலையங்களைத் துணைக்கு அழைக்கிறேன். சேலம் என்பது நேர் நேர், ஆகவே தேமா. மதுரை நிரை நேர், புளிமா. பெங்களூர் நேர் நிரை, கூவிளம். திருப்பதி நிரை நிரை, கருவிளம். நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு விரைந்த இரண்டு தட்டு என்று மேசையில் தட்டிக் காட்டுங்கள். பிள்ளைகள் தத்தம் பெயரையும் சொந்த ஊரின் பெயரையும் தட்டிப் பார்ப்பார்கள். யாப்பிலக்கணம் கசக்காது.

7. திருத்துவது எப்படி?

சிவப்பு மையை மூடி வையுங்கள். பென்சிலால், அதுவும் கேள்வியாக எழுதுங்கள். "பாட்டி எந்த நேரத்தில் ஓடுகிறார்கள்?", "அப்போது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டால் அடுத்த படி தானே வளரும். எழுத்துப் பிழைகளை, சுவரில் ஒட்டும் படியில் மட்டும், பிள்ளையை அருகில் வைத்துக் கொண்டு திருத்துங்கள். நன்றாக இருக்கும் ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டாமல் எந்தத் தாளையும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

8. நூலகர் செய்ய வேண்டியது

நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். 1962-இல் இந்தப் பெங்களூரில் நூலகவியல் ஆய்வுப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1972-இல் இங்கேயே மறைந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. பிள்ளையும் ஒரு வாசகர்தானே? ஆகவே பாட்டு நூல்களைப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். டியூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, கன்னடத்தின் எண் 894.814. அலமாரியிலும் அண்டை வீட்டார்! இரண்டையும் அருகருகே வைத்தால் பிள்ளைகள் ஜி.பி. ராஜரத்னத்தின் கன்னடக் குழந்தைப் பாடல்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். வாரம் ஒரு பிள்ளையின் கவிதையை வாசலில் ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் அனைத்தையும் தைத்து ஒரு நூலாக்குங்கள்.

அந்தச் சிறுமி என்னவானாள் என்று கேட்பீர்கள். ஐந்தாம் வாரம் அவளிடம் சென்று, "தாத்தா செய்தது தப்பும்மா. அந்தத் தாளைக் கொடு, சுவரில் ஒட்டலாம்" என்றேன். "கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். எனக்கு நினைவிருந்த வரிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 'குக்கர்', 'ஓடுறாங்க' எல்லாம் அப்படியே. பார்த்துவிட்டு, "விசில் 'மட்டும்' குக்கர் அடிக்குது. 'மட்டும்' விட்டுட்டீங்க தாத்தா" என்றாள். பென்சிலை அவளிடமே கொடுத்தேன். திருத்தினாள்.

ஆண்டு இறுதியில் பிள்ளைகளின் கவிதைகளை அம்மையார் நாற்பது பக்கத் தொகுப்பாகத் தைத்து, மற்ற நூல்களைப் போலவே பதிவேட்டில் எண் கொடுத்துச் சேர்த்தார். பதிவேட்டில் ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் பதினொரு பிள்ளைகளின் பெயர்கள். இடம் போதாமல் அடுத்த வரிக்கும் போயிற்று. முதல் பக்கத்தில் பாட்டி ஓடிக் கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், சற்றுப் பொறுமை போதும். வாழ்க தமிழ்!