இலை நுனி ஏன் கருகுகிறது?

லயத்து வீடானாலும், தாமான் வீடானாலும், அடுக்குமாடி வீடானாலும், வாசலில் நான்கு பூச்சட்டிகள் இருந்தால் அவ்வீட்டிற்குத் தனிக்களை உண்டாகிவிடுகிறது. நாம் ஆசையோடு வளர்க்கும் அச்செடிகளின் இலை நுனி பழுப்பு நிறமாகி, தீயில் வாட்டியது போல் உலரத் தொடங்கினால் மனம் வருந்தத்தான் செய்யும். அப்போது நம்மில் பலர் செய்வது என்ன? செடிக்குச் சத்துப் போதவில்லை என்று எண்ணி, ஒரு கைப்பிடி உரத்தை அள்ளிப் போடுகிறோம். சில நாள்களில் கருகல் மேலும் பரவுகிறது. சில வேளைகளில் செடியே மடிந்துவிடுகிறது. பசி என்று நினைத்து நாம் ஊட்டிய உணவே அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

ஆகவே, இலை நுனி கருகினால் உரத்தைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நுனி மட்டும் ஏன்?

வேர் உறிஞ்சும் நீர், தண்டின் வழியாக ஏறி, இலைகளிலுள்ள நுண்துளைகள் மூலம் ஆவியாக வெளியேறுகிறது. வேரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது இலையின் நுனியாகும். நீர் குறைந்தால் அக்குறை அங்கேதான் முதலில் தெரியும். நீரோடு ஏறிவரும் உப்புகளோ ஆவியாவதில்லை. அவை இலையின் நுனியிலும் ஓரத்திலும் தங்கிச் சேர்கின்றன. அளவு மிகும்போது அப்பகுதி கருகுகிறது. எனவே, குறை தென்படும் இடம் நுனியானாலும், அதன் காரணம் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் இருக்கிறது.

முக்கியக் காரணங்கள்

1. ஒழுங்கற்ற நீர்: பல நாள்கள் மறந்திருந்துவிட்டு, ஒரே நாளில் குடம் நீரை ஊற்றுவது தவறு. மண் முற்றிலும் காய்ந்தால் நுண்வேர்கள் மடிகின்றன. நாள்தோறும் ஊற்றி மண்ணைச் சேறாக வைத்திருந்தாலும், காற்றின்றி வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சட்டியில் நீர் நிறைந்திருந்தும் செடி தாகத்தால் வாடும்.

2. மிகுதியான உரம்: செம்பனைக்கும் ரப்பருக்கும் இடும் உரத்தைச் சிலர் பூச்சட்டிக்கும் இடுவதுண்டு. நன்கு வளர்ந்த செம்பனைக்கு ஆண்டுக்குச் சில கிலோ உரம் தேவைப்படலாம். அதன் வேர் பல மீட்டர் தூரம் பரவியிருக்கிறது. மிஞ்சும் உப்பை மழை கழுவிச் செல்கிறது. கூரையின் கீழுள்ள பூச்சட்டிக்கு அந்த மழை கிடையாது. மிஞ்சிய உப்பு அங்கேயே தங்கி, வேரிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. மண்ணின் மேலும் சட்டியின் விளிம்பிலும் வெண்ணிறப் படிவு காணப்பட்டால் அது பெரும்பாலும் இந்த உப்பேயாகும்.

3. குழாய் நீர்: பல் சொத்தையைத் தடுப்பதற்காக நம் நாட்டின் பல மாநிலங்களில் குழாய் நீரில் மிகச் சிறிதளவு ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. மனிதருக்கு அது நன்மை தருவது. ஆயினும் டிரசீனா, சிலந்திச் செடி போன்ற சில செடிகளுக்கு அச்சிறிய அளவும் நாளடைவில் ஒத்துக்கொள்வதில்லை. நீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் குறையும், ஃபுளோரைடு குறையாது. இத்தகைய செடிகளுக்கு மழைநீரே சிறந்தது.

4. வறண்ட காற்று: நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஆனால் குளிரூட்டி இயங்கும் அறையிலும், மின்விசிறிக்கு நேர் எதிரிலும் இலைகள் விரைவில் உலர்கின்றன. செடியின் இடத்தை மாற்றுவதே இதற்குப் போதுமானது.

கண்டறியும் முறை

முதலில் விரலை மண்ணுக்குள் 3 சென்டிமீட்டர் ஆழம் நுழைத்துப் பார்க்க வேண்டும். அங்கு ஈரமிருந்தால் நீர் தேவையில்லை. அடுத்து, வெண்படிவு உள்ளதா என்று நோக்க வேண்டும். இவை இரண்டாலும் விளங்காவிடில், சட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்து வேரைப் பார்க்கலாம். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கருத்துக் குழைந்து நாற்றமடிக்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு தாமே பழுத்து உலர்வது இயற்கை. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இலையின் நடுவே மஞ்சள் வளையத்துடன் புள்ளிகள் தோன்றினால் அது நோயாக இருக்கலாம்; அத்தகைய இலைகளை அகற்றிவிட வேண்டும்.

சீர்செய்யும் முறை

உப்பு மிகுந்திருந்தால், மேற்படிவை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணைக் கழுவ வேண்டும். 2 லிட்டர் மண் கொள்ளும் சட்டிக்கு 4 லிட்டர் நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிட வேண்டும். நான்கு அல்லது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்வது நல்லது.

வேர் அழுகியிருந்தால், கெட்ட பகுதியைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டுப் புது மண்ணில் நட வேண்டும். 3 பங்கு மேல்மண், 2 பங்கு நன்கு மக்கிய எரு, 1 பங்கு ஆற்று மணல் என்னும் கலவை பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. சட்டியின் அடியில் துளை இருப்பது கட்டாயம். புதிய தளிர் தோன்றும் வரை உரமிடலாகாது. அதன் பின்னரும் உறையில் குறித்துள்ள அளவில் பாதியே போதும்.

கருகிய நுனி மீண்டும் பச்சையாவதில்லை. தோற்றம் பிடிக்கவில்லையெனில், இலையின் வடிவத்தை ஒட்டி நறுக்கலாம். பச்சைப் பகுதியில் வெட்டுப்பட்டால் அவ்விடம் மறுபடியும் உலரும். ஆதலால் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றை விட்டே நறுக்க வேண்டும். நம் சிகிச்சை பலித்ததா என்பதைப் பழைய இலையில் தேடக்கூடாது. புதிதாக விரியும் இலையில்தான் காண வேண்டும்.

தட்டில் தேங்கும் ஆபத்து

இங்கு வேறொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. பூச்சட்டியின் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், கழுவிய உப்பை மீண்டும் மண்ணுக்கு ஏற்றுகிறது. வேரையும் அழுகச் செய்கிறது. அதனினும் கொடியது, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தெளிந்த நீரில் முட்டையிடுவதாகும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும். வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடமளிப்பது 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி குற்றமுமாகும். ஆகவே, நீர் வடிந்தவுடன் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். செடிக்கெனச் சேமிக்கும் மழைநீர்த் தொட்டியை நுண்ணிய வலையால் இறுக மூடிவைப்பது அவசியம்.

செடிக்கு வாயில்லை. தன் குறையை அது இலை நுனியில் காட்டுகிறது. அடுத்த முறை அந்தப் பழுப்பு நிறத்தைக் காணும்போது, உரப்பையை நோக்கிச் செல்லும் கையைச் சற்று நிறுத்தி, முதலில் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்போம். செடியும் பிழைக்கும், வீடும் நலம் பெறும்.