விட்டுக்கொடுக்காதீங்க, ஓடுங்க!



போன வருஷம் நம்ம பள்ளி விளையாட்டு விழாவில் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கு வர வேண்டும்.

என் நண்பன் ஒருவன் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். அறிவுசார் குறைபாடு உள்ளவன். 100 மீட்டர் ஓட்டத்தில் எங்களோடு அவனையும் நிறுத்தினார்கள். பாவம் என்று நினைத்து, கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் நாங்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிட்டோம். அவன் முதலில் வந்தான். கைத்தட்டல், பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். சாயங்காலம் அதை என் கையில் திணித்து, "நீ ஓடவே இல்லடா. இதை நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பி.டி. சாரிடம் கேட்டேன். "முழு வேகத்துல ஓடினா அவன் தோத்துடுவான். மெதுவா ஓடினா கோவிச்சுக்கிறான். என்ன சார் பண்றது?" சார் சிரித்தார். "ரெண்டுமே போட்டி இல்லடா. சரிசமமான ஆளோட ஓடுறதுதான் போட்டி" என்றார். பிறகு அவர் சொல்லிக்கொடுத்ததையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இந்த விளையாட்டுப் போட்டியை அமெரிக்காவின் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார் தொடங்கினார். முதல் போட்டி 1968 ஜூலை 20-இல் சிகாகோ நகரில் நடந்தது. 2023-இல் பெர்லினில் நடந்த கோடைக்காலப் போட்டியில் நம் இந்தியா 202 பதக்கங்கள் வென்றது.

சரிசமம் பார்ப்பது எப்படி?

முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். பிறகு வயது, ஆண் பெண், திறமை பார்த்து 3 முதல் 8 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரே பிரிவில் இருப்பவர்களுக்குள் வித்தியாசம் சுமார் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழிமுறை.

கணக்காகப் பார்ப்போம். நான் 100 மீட்டரை 14 விநாடியில் ஓடுகிறேன். 14-இல் 15 சதவீதம் 2.1. கூட்டினால் 16.1. என் நண்பன் ஓடுவது 18 விநாடி. ஆக, நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிரிவில் வரவே முடியாது! தப்பு அவன் மேல் இல்லை, ஆட்களைச் சேர்த்த முறையில்தான்.

சேர்ந்தும் விளையாடலாம்

'யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். கூடைப்பந்து என்றால் களத்தில் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் அவர்கள், இரண்டு பேர் நம்மைப் போன்றவர்கள். பந்தை நாமே வைத்துக்கொண்டு ஆடக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

தெலங்கானாவைச் சேர்ந்த தீப்தி ஜீவாஞ்சி, 2024 பாரிஸ் பாராலிம்பிக் 400 மீட்டரில், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான டி-20 பிரிவில், 55.82 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். நம்ம ஸ்கூல் பசங்க எத்தனை பேர் அந்த நேரத்துக்குள் 400 மீட்டர் ஓடுவோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

நாங்கள் செய்து பார்த்தது

பி.டி. சாரும் சிறப்பாசிரியை டீச்சரும் நாலு பேரைச் சேர்த்தார்கள். அவர்களுடைய நேரம் 17.2, 17.6, 18, 19.1. ஓடவிட்டோம். என் நண்பன் மூன்றாவதாகத்தான் வந்தான். பரிசும் இல்லை. அழுவானோ என்று பயந்தேன். அவனோ முதலில் வந்தவனிடம் போய், "நாளைக்கு வா, பார்த்துக்கலாம்" என்றான்! இப்போது தினமும் காலை ஆறரைக்கு மைதானத்தில் நிற்கிறான். நேரம் குறிப்பது என் வேலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷ விளையாட்டு விழாவில் இப்படி நேரம் பார்த்து, பிரிவு பிரித்து, அவர்களுக்கும் உண்மையான போட்டி வையுங்கள். நண்பர்களே, நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். அணியில் சேர வாருங்கள்.

டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவன் ஜெயிக்கும் நாளில் கொடுப்பேன். வாங்கிக்கொள்வான் என்று நம்புகிறேன்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்