மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஹைடெக் லேபில் மற்ற ஆசிரியர்களைப் பழக்கிவிடும் பொறுப்பை ஹெச்.எம். உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ‘சீனியர்கள் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்ற ஆதங்கமும் கடிதத்தில் தெரிந்தது.

அவர்கள் பக்கத்தையும் பார். 2018-இல் பாடநூலில் கியூஆர் கோடு வந்தது. மறு ஆண்டே கல்வித் தொலைக்காட்சி. 2023-இல் மணற்கேணி செயலி. நடுவில் எமிஸ் தளத்தில் விவரப் பதிவுகள் வேறு. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அவசரமாக ஒரு பயிற்சி, அதோடு சரி. மறுநாள் புரொஜெக்டர் மக்கர் செய்தால் வகுப்பே பார்க்கத் திணறி நிற்பது அவர்கள்தான். அந்த நிமிடத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளை நீ. கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பாய். உடலுக்கும் இரண்டு கரைக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால், ஒரு கரையைக் கவனிக்க நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவார். தறி என்னவோ நெசவாளருடையதுதான். உனக்கு அந்தப் பக்கத்து இடம், பாடம் அந்த ஆசிரியருடையது.

ஆகவே செயலியில் என்னென்ன இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. “அடுத்த வாரம் என்ன பாடம் சார்?” என்று கேள். முக்கோணம் என்றால், ஜியோஜீப்ரா மென்பொருளில் ஒரு முனையை இழுத்துப் பார்க்கச் சொல். வடிவம் மாறிக்கொண்டே போகும். மூன்று கோணங்களின் கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். அன்றைக்கு அது போதும். தமிழம்மா செய்யுளை ராகத்தோடு சொல்பவரா? அவர் குரலையே பதிவுசெய்யச் சொல்லிக்கொடு.

மவுஸை நீ வாங்கிச் செய்துகாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், கற்றல் நடக்காது. பிள்ளைகள் எதிரில் திருத்தாதே. வீடியோவை முந்தின நாளே இறக்கி வைக்கப் பழக்கு. கரண்ட் போனால் கரும்பலகையில் எப்படித் தொடர்வது என்பதையும் சேர்த்தே பேசிவையுங்கள். எல்லோருடைய எமிஸ் பதிவையும் நீயே போட்டுத் தராதே. உதவி என்று ஆரம்பித்துக் கிளார்க் வேலையில் முடியும்.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது தெரியும்தானே? ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பழகிவந்த ஆசிரியர்கள் சக ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. தினமும் வகுப்பில் நிற்பவர் சொன்னால் இன்னொரு ஆசிரியர் காதுகொடுப்பார்.

நீயும் அவர்கள் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார். சத்தம் போடாமல் வகுப்பை அடக்குவதை எந்தச் செயலியும் உனக்குக் கற்றுத்தராது. கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் கூச்சம் போகும்.

முதலில் பழகியவரை அடுத்தவருக்குச் சொல்லித்தர வை. இடமாறுதல் கலந்தாய்வில் நாளைக்கே உனக்கு வேறு ஊர் கிடைக்கலாம். நீ போன பிறகும் அந்த லேப் பூட்டாமல் நடந்தால், கொடுத்த பொறுப்பைச் சரியாகச் செய்திருக்கிறாய் என்று அர்த்தம்.

அன்புடன்,
உன் அண்ணன்