வேலை முடிந்தது, நோக்கம் நிறைவேறியதா?

ராயபுரத்தில் வாழும் நம்மில் பலருடைய வீடுகளில் பனியன் தொழில் செய்வோர் உண்டு. ஒரு பனியன் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பதை நாம் அறிவோம். கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுகிறார். ஓவர்லாக் டெய்லர் மூட்டுகிறார். இன்னொருவர் கழுத்துப்பட்டி வைக்கிறார். மற்றொருவர் லேபிள் தைக்கிறார். பீஸ் ரேட்டுக்கு உழைப்பவர் தாம் தைத்த உருப்படிகளை எண்ணுவது இயல்பே. ஆனால் சிறிய அளவுப் பனியனில் பெரிய அளவின் லேபிள் ஏறிவிட்டால் என்னவாகும்? எல்லாருடைய வேலையும் முடிந்திருக்கும்; பனியனோ வாங்கியவருக்குப் பொருந்தாது. வேலை வேறு, நோக்கம் வேறு என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவோரிடமும் இவ்விரு வழிகள் உள்ளன. கொடுத்த வேலைகளை ஒவ்வொன்றாக முடிப்பது ஒரு வழி. அவ்வேலை யாருக்கு, எதற்குப் பயன்பட வேண்டும் என்று பார்த்துச் செய்வது மற்றொரு வழி. நம் தாய்மொழி கணிப்பொறியில் ஏறிய வரலாறே இதற்குச் சிறந்த பாடம்.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்களுக்கு 256 இடங்களே கிடைத்தன. அவற்றிலும் ஒரு பகுதி ஆங்கிலத்துக்குப் போயிற்று. நம் எழுத்துகளோ 247. ஆகவே எழுத்துரு செய்தோர் தத்தமக்குத் தோன்றியபடி எண்களைப் பங்கிட்டனர். ஒருவரிடம் 'க' என நின்ற எண், வேறொருவரிடம் வேறோர் எழுத்தாயிற்று. திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது, வேலை முடிந்தது. ஆனால் அக்கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாதவருக்கு அனுப்பினால், அவர் கண்டது பொருளற்ற குறிகளையே! எழுதுவதன் நோக்கம் மற்றவர் படிப்பதல்லவா?

இக்குறையை நீக்கப் பல நாட்டுத் தமிழர்கள் கூடி முயன்றனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் பொதுவான குறியீட்டு முறைகளையும் ஏற்றது. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இன்று ராயபுரத்திலிருந்து நாம் அனுப்பும் செய்தியை யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ உள்ளவர் தடையின்றிப் படிக்கிறார். ஆனால் பழைய எழுத்துருக்களில் அச்சடித்த கோப்புகளை, அந்த எழுத்துரு இல்லாதவர் மாற்றி எடுக்காவிட்டால் இன்றும் படிக்க இயலாது. நோக்கத்தை மறந்ததற்கு நாம் தரும் விலை அது.

அப்படியானால் சிறு வேலைகள் வேண்டாமா? வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் எண் குறித்து, விசை அமைத்து, சோதித்துப் பார்த்த பொறுமையான உழைப்பு இல்லையேல் யூனிகோடு வெறும் ஆசையாகவே நின்றிருக்கும். நோக்கம் ஊரைக் காட்டும். அங்கே நடந்து போக வேண்டியவை கால்கள்தாம்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை மென்பொருள் எழுதுவோம். சிலர் பனியன் நிறுவனங்களை நடத்துவோம். எதைச் செய்தாலும், தொடங்குமுன் "இது யாருக்கு?" என்றும், முடித்தபின் "அவருக்குப் பயன்பட்டதா?" என்றும் கேட்கப் பழகுவோம். வீட்டுப்பாட நோட்டில் பக்கங்களை நிரப்பிவிட்டோம் என மகிழுமுன், பாடம் விளங்கிற்றா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அப்பழக்கத்தை இன்றே தொடங்கலாம் அல்லவா?