அறுநூறு மில்லிமீட்டரும் ஒரு முழத் தண்ணீரும்

கேள்வி: தூத்துக்குடியில் வங்கி ஊழியன் நான். கிராப் சென்சார் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும், அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளப் பக்கம் போய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் விழுகின்றன. போன வருடம் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். ஜனவரியில் அந்தமான் போகிறோம். கையில் சேமிப்பு ஒரு லட்சத்துச் சொச்சம். 150-600 லென்ஸ் ஒன்றை வாங்கி, நீர்புகா ஹவுசிங் போட்டு அதையே கடலுக்குள்ளும் கொண்டுபோகலாமா? தூரத்தில் போகும் மீனைக் கிட்டே இழுக்க அது உதவும் அல்லவா? நண்பரோ கோப்ரோ போதும் என்கிறார்.

பதில்: இழுக்கும். மீனோடு சேர்த்து நடுவில் இருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். சிக்கலே அதுதான்.

நிலத்தில் உங்களுக்கும் பறவைக்கும் நடுவே இருப்பது காற்று. ஐம்பது மீட்டர் காற்று படத்தைப் பெரிதாகக் கெடுத்துவிடாது. தண்ணீர் அப்படியில்லை. காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதில் மணல், பாசி, கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் என்று ஆயிரம் மிதக்கும். உங்கள் ஊர்க் கடலில் சங்கு குளிப்பவர்களைக் கேளுங்கள், 'தெளிவு' இருக்கிறதா என்பதுதான் அவர்களின் முதல் பேச்சாக இருக்கும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: கண்ணுக்குப் பதினைந்து மீட்டர் தெரிகிறதென்றால், படம் ஐந்து மீட்டருக்குள்தான் தேறும். ஃபிளாஷ் போட்டு எடுப்பதானால் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் என்ன லென்ஸ் போட்டாலும் நீலக் கஷாயத்துக்குள் ஒரு நிழல்தான். தண்ணீருக்குள் லென்ஸின் வேலை தூரத்தைக் கிட்டே கொண்டுவருவது அல்ல. கிட்டப் போய் நிற்கிற உங்களுக்கு இடம் போதாமல் போகாமல் பார்த்துக்கொள்வது. அதனால் அங்கே ஒன்று அகலக் கோண லென்ஸ், இல்லாவிட்டால் மேக்ரோ. 600 மி.மீ. கரையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹவுசிங்கின் முகப்பு தட்டைக் கண்ணாடி என்றால், தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைந்து எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டும். உங்கள் 18 மி.மீ. லென்ஸ் 24 மி.மீ. போல நடந்துகொள்ளும், ஓரங்களில் நிறம் பிரிந்து தெரியும். இதற்காகத்தான் அகல லென்ஸுக்குக் குவிமாடம் போன்ற 'டோம்' முகப்பு வைக்கிறார்கள். அதில் கோணம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் டோமும் ஒரு வித்தை காட்டும். அதன் ஆரம் 10 செ.மீ. என்றால், வெகு தொலைவில் இருக்கும் பவளப் பாறைகூட முகப்பிலிருந்து 30 செ.மீ.யில் நிற்பதாகத்தான் லென்ஸுக்குத் தோன்றும். ஆகவே மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிற லென்ஸ் வேண்டும். ஃபிஷ்ஐ லென்ஸ்களைக் கடலுக்குள் போகிறவர்கள் விரும்புவது இதற்காகவும்தான். 150-600 ரகங்களுக்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமே மீட்டர் கணக்கில்.

நிறத்துக்கு வருவோம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் போய்விடும், பிறகு ஆரஞ்சு. ஒரு முறை 18 மீட்டரில் சிப்பி ஓட்டில் என் விரல் கிழிந்தது. வந்த ரத்தம் கரும்பச்சையாக இருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஒரு கணம் பதறிப்போய், டார்ச்சை அடித்துப் பார்த்ததும் சிவப்பு திரும்பி வந்தது. அந்த டார்ச் செய்த வேலையைத்தான் ஃபிளாஷ் செய்கிறது. 1926-இல் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் புளோரிடாவை ஒட்டிய டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, மிதவையின் மேல் மெக்னீசியத் தூளை வெடிக்க வைத்துத்தான் கீழே வெளிச்சம் அனுப்பினார்கள். இன்று உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஃபிளாஷை லென்ஸை ஒட்டி வைத்து நேராக அடிக்கக் கூடாது. மார்கழி மூடுபனியில் வண்டியின் ஹை பீமைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுமே, அதே கதைதான். நடுவில் மிதக்கும் துகள் எல்லாம் பளிச்சென்று எரியும். கையை நீட்டிய மாதிரி இரண்டு பக்கமும் அகலமாக வைத்து, டோமுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்புங்கள். மீன் மீது விழுவது ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும்தான் என்றாலும் அது போதும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உடனே ஹவுசிங் வாங்காதீர்கள் என்றும் சொல்கிறேன். பல சமயம் கேமராவைவிட ஹவுசிங்குக்கு விலை அதிகம். அதுவும் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். அதைவிட முக்கியம், நீங்கள் இன்னும் நீருக்குள் அசையாமல் மிதக்கப் பழகியிருக்க மாட்டீர்கள். மூச்சை இழுத்தால் மேலே போவீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள். கையில் கேமராவும் இருந்தால் துடுப்புக் கால் பவளத்தில்தான் இடிக்கும். முறிந்த கொம்பு திரும்ப வளர வருடக்கணக்காகும். முப்பது முறையாவது கையில் எதுவும் இல்லாமல் இறங்குங்கள் என்பது என் பிடிவாதம். அதுவரை ஆசை பொறுக்காவிட்டால், அந்தமானில் டைவிங் மையங்கள் சிலவற்றில் சின்ன நீர்புகாக் கேமரா வாடகைக்குக் கிடைக்கும். கடைசி இரண்டு நாளுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கோப்ரோவும் தப்பில்லை. வீடியோவுக்கு நல்லது. ஆனால் ஒரு முழத்துக்குள் வராத மீன் அதில் கடுகளவுதான் தெரியும்.

ஆகவே பணத்தை உப்பளத்தில் போடுங்கள். அந்தமான் வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதிசயம். உப்பளம் வாரா வாரம். 150-600 உங்கள் கேமராவில் ஏறக்குறைய 900 மி.மீ.க்கு நிகரான கோணம் தரும். எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. வீட்டுத் துணிப்பையில் முக்கால் பங்கு உளுந்து நிரப்பி வரப்பின் மேல் போட்டு, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடை அப்புறம் பார்க்கலாம். பறப்பதை எடுக்க ஷட்டர் 1/2000, நின்று மேய்வதற்கு 1/500. உப்புக் குவியலின் வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். பூநாரையின் முதுகு வெளிறிப் போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் ஒரு கண் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் பாத்திகளில் கானல் எழ ஆரம்பித்துவிடும். அதன் வழியாக எடுத்த படம் தண்ணீரில் நனைந்த ஓவியம் மாதிரி இருக்கும், எத்தனை லட்சத்து லென்ஸானாலும். பலர் லென்ஸைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் சண்டை போடுகிறார்கள். விடியலில் முடித்துக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விடுங்கள்.

நிற்காதீர்கள், படுங்கள். உள்ளானின் கண்மட்டத்துக்கு உங்கள் லென்ஸ் இறங்கினால்தான் பின்னணி உருகும். சட்டை உப்பாகும், பரவாயில்லை. பறவைகள் தலையை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கூட்டத்தைக் கிளப்பி விட்டு எடுக்கிற 'பறக்கும் பூநாரை' படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. முகத்தை மட்டும் பெரிதாக எடுக்கும் மோகமும் வேண்டாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே உருவாக்கி 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்த கருவியில் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைகளைத் தேடிப் பாருங்கள். யானை நிற்கிற காடும் அதில் இருக்கும்.

ஒரே லென்ஸ் இரண்டுக்கும் உதவுமா என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில் இருக்கத்தான் செய்கிறது: 60 மி.மீ. மேக்ரோ. கரையில் பட்டாம்பூச்சி, தட்டான். கடலில் கடல் குதிரை, இறால். தட்டை முகப்பு பெரிதாக்கிக் காட்டுவது இங்கே லாபம். பொருளுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்பதால் கலங்கிய தண்ணீரிலும் படம் விழும். 100 மி.மீ. மேக்ரோ கூச்ச சுபாவமுள்ளவற்றுக்கு நல்லது, ஆனால் நடுவில் தண்ணீர் கூடும். அடுத்த சேமிப்பு இதற்கு.

உங்கள் வீட்டு வாசலிலேயே மன்னார் வளைகுடா இருக்கிறது. அதன் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கேமராவோடு போவதற்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

என்றாவது ஹவுசிங் வாங்கினால் ஓ-ரிங்கை மறக்காதீர்கள். என் முதல் கேமரா செத்தது ஒரு தலைமுடியால். அவசரத்தில் மூடியபோது அந்த ரப்பர் வளையத்தின் மேல் கிடந்திருக்கிறது, என் முடிதான். ஆறு மீட்டரில் முகப்புக்குள் சின்ன நீர்க்குமிழி ஓடுவதைப் பார்த்தேன். மேலே வருவதற்குள் அரை டம்ளர் உப்புத் தண்ணீர். வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகப் போடுங்கள். பிறகு கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் மடித்து வைத்து முதல் டைவுக்குக் கொண்டுபோங்கள். பேப்பர் காய்ந்தபடி மேலே வந்தால் அடுத்த டைவுக்குக் கேமராவை வைக்கலாம்.