கடும் வயிற்றுவலியா? காத்திருக்காதீர்கள்

"வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று மூத்தோர் பலர் வயிற்றுவலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால் குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, இரைப்பைப் புண்ணில் துளை விழுதல், குடல் அடைப்பு போன்றவை உயிருக்கே ஆபத்தாகலாம். வயதானவர்களுக்கு வலியும் காய்ச்சலும் குறைவாகவே தெரியலாம். வலி குறைவு என்பதால் நோயும் சிறியது என்று எண்ண வேண்டாம்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்
• திடீரென வந்த வலி, அல்லது கூடிக்கொண்டே போகும் வலி
• வயிறு பலகைபோல் இறுகுதல்
• தொடர் வாந்தி. மலமும் வாயுவும் வெளியேறாமல் வயிறு உப்புதல்
• வலியுடன் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாதல்
• இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம்

என்ன செய்வது?
அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வலி தாங்க முடியாவிட்டால், அல்லது மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் 995ஐ அழையுங்கள். மேல்வயிற்று வலி மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். லிட்டில் இந்தியா வட்டாரத்தினருக்கு டான் டோக் செங் மருத்துவமனை அருகில் உள்ளது. விளக்கெண்ணெய், பேதி மருந்து வேண்டாம். மருத்துவர் பார்க்கும்வரை உணவைத் தவிர்த்திடுங்கள். உங்கள் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, மூட்டுவலி மாத்திரை உட்கொண்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

"இந்த வயதில் வயிற்றைக் கிழிக்க வேண்டுமா?"
பல நேரங்களில் பெரிய வெட்டு தேவைப்படுவதில்லை. முழு மயக்க மருந்து கொடுத்தபின், ஏறத்தாழ அரை முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் சில துளைகள் இடப்படும். கரியமில வாயுவால் வயிறு சற்று உப்பவைக்கப்படும். ஒரு துளை வழியாகச் சிறு கேமரா செல்லும். மருத்துவர் திரையைப் பார்த்தபடி மற்றத் துளைகள் வழியாகச் சிகிச்சை அளிப்பார். ஜெர்மனியில் 1985இல் எரிக் மியூஹே இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். இன்று இது வழக்கமான சிகிச்சை.

காயம் சிறியது என்பதால் வலி குறையும். விரைவில் எழுந்து நடக்கலாம். தோள்பட்டையில் சில நாள் வலி இருக்கலாம். அது உள்ளே செலுத்திய வாயுவால் வருவது. கிருமித்தொற்று பரவியிருந்தாலோ, இரத்தக்கசிவு அதிகமானாலோ, திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற நேரிடலாம். அது தோல்வியன்று, உங்கள் பாதுகாப்புக்கான முடிவு.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் குறித்து மருத்துவமனை ஊழியர்களிடம் கேளுங்கள். சீக்கிரம் சென்றால் சிறு துளையோடு முடியக்கூடியது, தாமதித்தால் பெரிய அறுவை சிகிச்சையாகலாம்.