பட்டம் சொன்ன கோல் கணக்கு
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

எனக்குக் கால்பந்தாட்டம் தெரியாது. ஆனால் கால்பந்துத் திருவிழா என்றால் மிகவும் பிடிக்கும். இரண்டும் ஒன்றல்ல என்பதை 2022 டிசம்பர் 18 அன்று சிதம்பரத்தில் கற்றுக்கொண்டேன்.

அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டி. சித்தப்பா வீட்டுத் தெருவில் பையன்கள் வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இரவு எட்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சித்தி சுண்டல் கிண்டிக் கொடுத்தார்கள். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலையில் இருக்க, 80, 81 ஆகிய நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். முடிவில் 3-3. பிறகு பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என வென்றது.

இடையில் ஆஃப்சைடுக்குக் கொடி உயர்ந்ததைக் கவனிக்காமல் நான் மட்டும் கைதட்டிவிட்டேன். தெருவே சிரித்தது. “ஆஃப்சைடுகூடத் தெரியாதவளுக்கு எதுக்குடி கைதட்டல்?” என்றான் சித்தப்பா மகன். எனக்கு அண்ணன் முறை.

சுண்டல் அதற்குமேல் இறங்கவில்லை. மறுநாளே விதியைப் படித்தேன். தன் அணியினர் பந்தை அனுப்பும் கணத்தில், எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகே நின்று ஆட்டத்தில் கலந்துகொண்டால் ஆஃப்சைடு. அவ்வளவுதான். பரிமாறும் முன்பே பந்தியில் கைநீட்டுவது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவன் கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விதி தெரியாதவர்களுக்கு மகிழ உரிமை இல்லையா? பதில், நூலகத்தில் கல்கத்தாவைப் பற்றிப் படித்தபோது கிடைத்தது.

1911 ஜூலை 29. ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டி. மோகன் பகான் அணியை எதிர்த்து நின்றது ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவு. 1905-இல் வங்காளத்தைப் பிரித்த கோபம் ஆறாத காலம் அது. நம்மவர் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். சுதீர் சட்டர்ஜி ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். ஊர் ஊராக மக்கள் வந்து குவிந்ததால் சிறப்பு ரயில் விட்டார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த மரங்களிலெல்லாம் மனிதர்கள்! அவர்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்குப் பந்தே தெரியாது. வானொலியும் நம் நாட்டுக்கு வந்திராத காலம். என்ன செய்தார்கள் தெரியுமா? கோல் கணக்கை எழுதிப் பட்டம் பறக்கவிட்டார்கள்!

வானத்தைப் பார்த்தே ஆட்டத்தை ரசித்த அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. முதல் கோல் ஆங்கிலேயருடையது. தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். 2-1. அன்று தெருவில் ஆடிப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு ஆஃப்சைடு தெரிந்திருக்கும்?

அந்தக் கணக்கைப் படித்தபோதுதான் நம் கடலூர் நினைவுக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு முதன்முறையாகச் சாம்பியன் ஆனது. பலமுறை கோப்பை வென்ற மணிப்பூரை 2-1 என வீழ்த்தியது. அந்த அணியில் நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் ஆடினார். மீண்டும் 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் 2-1!

முதல் வெற்றியின்போது நான் சிறுமி. இரண்டாவதின்போது எட்டாம் வகுப்பு. மெஸ்ஸிக்காகத் தொண்டை கட்டக் கத்திய நான், நம்மூர்ப் பெண் வென்றதை அறியவே இல்லை. எங்கள் தெருவில் ஒரு பட்டாசு வெடிக்கவில்லை. ஒரு மிட்டாய் கைமாறவில்லை. பெண்பிள்ளைகளாகிய நாமாவது குதித்திருக்க வேண்டாமா?

போன பொங்கலுக்கு அண்ணன் கடலூர் வந்தான். “2023 ஜூனில் யார் ஜெயிச்சது, சொல்லுண்ணா பார்க்கலாம்” என்று கேட்டேன். ஐரோப்பிய அணிகளின் பெயராக அடுக்கினான். அவனுக்கு ஆஃப்சைடு தெரியும், இது தெரியவில்லை! நான் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

அடுத்த தேசிய இறுதிப் போட்டிக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே திரை கட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். சுண்டல் அம்மா பொறுப்பு. பட்டத்துக்கு வேண்டிய தாளும் நூலும் நான் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.